அந்த அறைக்கு யார் காசு கட்டினது?



போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் நம் இயக்கத்தின் செயலவைக் கூட்டம் நடந்தது. ஆண்டு இறுதிக் குடும்ப முகாமை எங்கே வைப்பது என்பதுதான் கடைசி விஷயம். மணி இரவு பத்தாகப் போகிறது, எல்லாருக்கும் பசி. போர்ட்டிக்சன், மோரிப் என்று வழக்கமான பெயர்கள் வந்து போயின. அப்போது ஓர் அண்ணன், "கெந்திங்ல வெச்சா என்ன? வார நாள்ல ரூம் விலை குறைவு. நல்ல குளிரு. பிள்ளைங்களுக்கு விளையாட இடம் இருக்கு. கே.எல். சென்ட்ரல்ல பஸ் ஏறினா நேரா மேல" என்றார்.

பாதிப் பேர் உடனே தலையாட்டினார்கள். எங்கள் செயலாளர் அக்கா மட்டும், "காலையில திருமுறை பாடிட்டு, கேசினோ வாசலைத் தாண்டிப் பசியாறப் போவோமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். "நாம விளையாடப் போறதில்லையே, தங்கத்தானே போறோம்" என்று ஒருவர் பதில் சொன்னார். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று ஒத்தி வைத்தோம்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. "தங்கத்தானே போறோம்" என்ற அதே வார்த்தையை மூன்று மாதத்துக்கு முன்னால் நானும் சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டு அங்கே போய்த் தங்கியும் வந்தேன். அங்கே என்ன நடந்தது என்பதைக் கூட்டத்தில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரு பழைய புகைப்படம்

கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. தாத்தா, பாட்டி, நடுவில் ஐந்து வயது அத்தை. மூன்று பேரும் இரவல் வாங்கின சுவெட்டர் போட்டிருக்கிறார்கள். பின்னால் பனிமூட்டத்தில் ஒரு கட்டடம் பாதிதான் தெரியும். எழுபதுகளின் கடைசியில் எஸ்டேட் கோயில் கமிட்டி வாடகைக்குப் பிடித்த பஸ்ஸில் கெந்திங் மலைக்குப் போனபோது எடுத்தது. அங்கே ராத்திரி தங்க அவர்களிடம் காசு இல்லை. படம் எடுத்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கே இறங்கிவிட்டார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. லிம் கோ தோங் என்பவர் 1937-இல் சீனாவின் பூஜியான் மாநிலத்திலிருந்து மலாயாவுக்கு வந்தார். குத்தகைத் தொழிலில் வளர்ந்தவர். அறுபதுகளில் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலையில் இருந்தபோது, இந்தக் குளிர் கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். 1965-இல் கம்பெனி தொடங்கி, காட்டை வெட்டி மலை உச்சிக்குச் சாலை போட ஆரம்பித்தார். அந்தச் சாலைக்கே ஏறக்குறைய நான்கு வருடம் பிடித்தது. 1969 மார்ச் 31-இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் முதல் விடுதிக்கு அடிக்கல் நாட்டினார். தனி ஒருவர் அரசாங்க உதவி இல்லாமல் மலையைத் திறந்ததைப் பார்த்து, சூதாட்ட உரிமத்துக்கும் அவரே வழி செய்தார். 1971 மே 8-இல் ஹைலண்ட்ஸ் ஓட்டல் 200 அறைகளோடு திறக்கப்பட்டது. இன்றுவரை நம் நாட்டில் சட்டப்படி கேசினோ நடப்பது அந்த ஒரு மலையில்தான்.

பிறகு அங்கே என்னென்னவோ வந்துவிட்டன. 7,351 அறைகள் கொண்ட ஒரு விடுதி 2015-இல் உலகிலேயே பெரியது என்று கின்னஸில் ஏறியது. ஆனால் எங்கள் படத்தில் இருப்பது அந்த முதல் விடுதிதான். பெயர் மாறி, சாயம் மாறி இன்னும் நிற்கிறது.

அத்தையின் கேள்வி

ஜூன் மாதம் செமஸ்டர் விடுமுறை. எனக்கு அப்போதுதான் 21 முடிந்திருந்தது. அப்பாவின் நண்பர் ஒருவருக்கு மலையில் உறுப்பினர் அட்டை இருக்கிறது. அதில் சேர்ந்த புள்ளிகளுக்கு இலவசமாக அறை கிடைக்குமாம். "நான் போகலை, நீங்க போயிட்டு வாங்க" என்று ஓர் இரவுக்கு இரண்டு அறை எடுத்துக் கொடுத்தார். அதுவும் அந்தப் பழைய விடுதியில். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "உங்க தாத்தா வெளிய நின்னு படம் எடுத்த இடம்டா. நாம உள்ள படுத்துத் தூங்கப் போறோம்" என்றார்.

அத்தை வர மாட்டேன் என்றுவிட்டார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா கெட்ட மனிதர் இல்லை. துறைமுகத்தில் லாரி ஓட்டினார், குடிக்க மாட்டார், எனக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். நம்பர் எழுதும் பழக்கம் மட்டும் இருந்தது. புதன், சனி, ஞாயிறு. விபத்துக்குள்ளான காடியின் எண், கனவில் வந்த எண், செத்துப்போனவரின் வீட்டு எண் எல்லாமே அவருக்கு 'சாமி காட்டின நம்பர்'. பிறகு கைப்பேசியில் ஆடும் ஆட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஆலோங்கிடம் கடன். ஒருநாள் காலையில் அத்தை கோலம் போட வாசலுக்கு வந்தபோது கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தது. வீடு ஏலத்துக்குப் போனது. மூன்று வருடத்துக்கு முன் மாமா மாரடைப்பில் தவறிவிட்டார். அத்தை இப்போது எங்களோடு இருக்கிறார். மாமா ஒருநாளும் மலைக்குப் போய் ஆடினதில்லை. இருந்தாலும் அத்தைக்கு எல்லாம் ஒன்றுதான்.

நான் பொறியியல் மாணவன், விவாதம் என்றால் எனக்கு உற்சாகம். "அத்தை, நாம ஒரு சென்கூட ஆடப் போறதில்லை. சொல்லப்போனா, இலவசமாத் தங்கினா நஷ்டம் அவங்களுக்குத்தான். நாம தங்கத்தானே போறோம்" என்றேன்.

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே, "அப்ப அந்த அறைக்கு யாருப்பா காசு கட்டினது?" என்று கேட்டார்.

"யாரும் கட்டலை அத்தை, ஃப்ரீ."

"ஃப்ரீன்னு ஒண்ணு இருக்கா? எந்த வீட்டுப் பொம்பளையோ கட்டியிருப்பா."

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "இவங்களுக்கு மனசு நொந்து போச்சு, அதான் இப்படிப் பேசுறாங்க" என்று நினைத்துக்கொண்டேன். நொந்த மனசு சொல்வது தப்பாகத்தான் இருக்க வேண்டுமா என்று அப்போது யோசிக்கவில்லை.

மலையில் ஓர் இரவு

போனோம். கொமியூட்டரில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து பஸ், பிறகு 2016-இல் வந்த புதிய கம்பிவட வண்டி. எந்திரவியல் படிக்கிறவனுக்கு அது ஒரு கோயில் மாதிரி. கோபுரங்களின் இடைவெளி, கம்பியின் தொய்வு, கீழே நூறு அடி மரங்கள். நடுவில் சின் சுவீ குகைக் கோயில் வருகிறது. அதையும் லிம் கோ தோங்தான் செங்குத்தான பாறையில் பல வருடம் பாடுபட்டுக் கட்டி, 1994-இல் திறந்தார். கீழே ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இறங்கி நின்றபோது, சூடான கிள்ளானில் வளர்ந்த எனக்கு அந்தக் காற்றே ஒரு வரமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். மலை அழகாகத்தான் இருக்கிறது.

அப்பா பழைய விடுதி வாசலில் நின்று, தாத்தா நின்ற இடம் எது என்று தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. உத்தேசமாக ஓர் இடத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

இரவு பத்து மணிக்கு எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தொரு வயது ஆகிவிட்டது, உள்ளே விடுவார்கள், ஒரு தடவை பார்த்தால் என்ன? பார்க்கத்தானே போகிறேன். 'தங்கத்தானே' எவ்வளவு சுலபமாக 'பார்க்கத்தானே' ஆகிறது என்று கவனியுங்கள். பையில் ஐம்பது வெள்ளி இருந்தது.

அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனேன். நான் எதிர்பார்த்தது சினிமாவில் வருகிற மாதிரி கோட்டு சூட்டுப் போட்ட ஆட்களை. பார்த்தது நம் கிள்ளான் பாசார் மாலாமில் பார்க்கிற அதே முகங்களை. காலில் சிலிப்பர், தோளில் துணிப்பை, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். என் பாட்டி வயது அம்மா ஒருவர் திரையில் ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தார். ஜெயித்தபோதும் அவர் முகம் மாறவில்லை, தோற்றபோதும் மாறவில்லை. நம்மவர்களும் இருந்தார்கள். நெற்றியில் திருநீறோடு ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்ததும் நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சாயங்காலம் விளக்கேற்றி வைத்த திருநீறு எனக்கும் இருந்தது.

திரையில் ஆடும் ரூலெட் ஒன்றில் உட்கார்ந்தேன். சிவப்பில் பத்து வெள்ளி வைத்தேன். வந்தது. மறுபடியும் வைத்தேன். வந்தது. பிறகு போனது, பிறகு வந்தது. எழுந்தபோது என் ஐம்பது வெள்ளி 160 ஆகியிருந்தது.

தோற்றுத் திருந்தினான் என்று கதை முடிந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். நான் தோற்கவில்லை, ஜெயித்தேன். அந்த 110 வெள்ளியோடு நடைபாதையில் நடந்தபோது இருந்த துள்ளல் எஸ்.பி.எம். முடிவு வந்த நாளில்கூட எனக்கு இல்லை. படித்து வாங்கின சந்தோஷத்தைவிடப் படிக்காமல் வாங்கின சந்தோஷம் பெரிதாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கணக்கு என்ன சொல்கிறது?

மறுநாள் பஸ்ஸில் கணக்குப் போட்டேன். ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள ரூலெட்டில் 37 இடம். சிவப்பு 18, கறுப்பு 18, பச்சைப் பூஜ்ஜியம் 1. சிவப்பில் வைத்தால் 18 வாய்ப்பு நமக்கு, 19 அவர்களுக்கு. வித்தியாசம் முப்பத்தேழில் ஒன்று, அதாவது 2.7 விழுக்காடு. பத்து வெள்ளி வைத்தால் சராசரியாக 27 சென் போகும். இவ்வளவுதானா என்று தோன்றும்.

ஒரு மணி நேரத்தில் அறுபது தடவை ஆடினால் சராசரி நஷ்டம் சுமார் 16 வெள்ளி. ஆனால் அதே அறுபது ஆட்டத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 77 வெள்ளி அளவுக்கு இருக்கும். அந்தப் பெரிய அலைக்கு அடியில் இந்தச் சின்னப் பள்ளம் ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இன்றைக்கு எனக்கு நேரம் நல்லா இருக்கு, நேற்று சரியில்லை என்றுதான் அவனுக்குத் தோன்றும். விடுதிக்காரருக்கோ ஒருவர் ஆடுவது கணக்கே இல்லை. பத்து லட்சம் தடவை பத்துப் பத்து வெள்ளியாக ஆடினால் சராசரி வரவு சுமார் 2,70,000 வெள்ளி. ஏற்ற இறக்கம் வெறும் 10,000 சொச்சம். அங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. அந்த மலையில் சூதாடாத ஒரே ஆள் அந்த வீட்டுக்காரர்தான்.

மாமாவின் நாலு நம்பருக்கும் அதே பென்சிலால் கணக்குப் போட்டேன். 'பெரிசு' என்று ஒரு வெள்ளி கட்டினால் பரிசுகள் 2,500, 1,000, 500, பத்து எண்களுக்கு 180, பத்து எண்களுக்கு 60. கூட்டினால் 6,400. எண்கள் 10,000. ஆக, ஒரு வெள்ளிக்கு 64 சென் திரும்பும். நூற்றுக்கு 36 போய்விடும். பளபளக்கும் கேசினோவை விட, நாம் சாதாரணமாக நினைக்கிற நம்பர் கடை ஆடுகிறவனிடமிருந்து அதிகம் எடுக்கிறது. கேசினோவைத் திட்டிவிட்டுக் கடைக்குப் போய் நம்பர் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

திருவள்ளுவர் சூது என்ற 94ஆம் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தார். முன்பு இது எனக்குப் புதிராக இருந்தது. இப்போது ஓரளவு புரிகிறது. இது பாவமா என்று கேட்பதற்கு முன்னால், இது நோய், இது கணக்குக்கு ஒத்துவராத தொழில் என்று சொல்லிவிடுகிறார்.

நளன் கதையிலும் ஒரு கணக்கு வாத்தியார் வருகிறார். சூதில் நாட்டை இழந்த நளன், ரிதுபர்ணனுக்குத் தேரோட்டியாகப் போகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதில் எத்தனை இலை, எத்தனை காய் என்று ரிதுபர்ணன் சொல்லிவிடுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. எண்ணும் வித்தையும் காயின் வித்தையும் தெரிந்த பிறகுதான் கலி அவனை விட்டு வெளியேறுகிறான். அறியாமைதான் கலி என்று நான் இதற்கு அர்த்தம் செய்துகொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நிகழ்தகவு பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தான். கணக்குத் தெரிவது மட்டும் போதவில்லை.

சபைக்கு வந்த விருந்தாளிகள்

பாரதக் கதையில் சூதாட்டம் என்றதும் நமக்குச் சகுனியின் காயும் திரௌபதியின் கூந்தலும் நினைவுக்கு வரும். ஊருக்கு வந்த பிறகு சபா பருவத்தை எடுத்து நிதானமாகப் படித்தேன். முன்பு கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. முதலில் சகுனி வரவில்லை. முதலில் கட்டடம் வருகிறது. ஆயிரம் தூண், நூறு வாசல், மணிகள் இழைத்த மண்டபம் ஒன்றைக் கட்டச் சொல்லி திருதராட்டிரன் உத்தரவிடுகிறான். பிறகு விதுரரிடம், மண்டபத்தைப் பார்க்க வரும்படி பாண்டவர்களை அழைத்துவா என்கிறான். தர்மர் குடும்பத்தோடு வருகிறார். அன்றைக்கே யாரும் ஆடவில்லை. நல்ல அறை கொடுத்தார்கள், நல்ல சாப்பாடு, பாட்டு, நிம்மதியான தூக்கம். மறுநாள் காலையில்தான் சபைக்குள் நுழைகிறார்கள்.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தர்மரும் ஓர் இரவு தங்கத்தான் செய்தார். அந்த அறைக்கும் அவர் காசு கட்டவில்லை.

விதுரருக்கு முன்பே தெரியும், சூது கேடு என்று சொல்லவும் செய்தார். சொல்லிவிட்டு, அழைப்பை அவரே கொண்டு போனார். சபையில் ஆடியவர்கள் சிலர்தான். ஆடாதவர்கள் எத்தனையோ பேர். பீஷ்மர் ஆடவில்லை, துரோணர் ஆடவில்லை, கிருபர் ஆடவில்லை. "நாங்கள் உட்காரத்தானே வந்தோம்" என்று அவர்களும் சொல்லியிருக்கலாம். ஆனால் திரௌபதி தன்னைப் பணயம் வைக்க இவருக்கு உரிமை உண்டா என்று கேட்டபோது, அவள் கேட்டது ஆடியவர்களை மட்டும் இல்லை. சபையையே கேட்டாள். பெரியவர்கள் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. எழுந்து பேசியது விகர்ணன், கௌரவர்களில் ஒரு தம்பி. வேட்டை, மது, சூது, பெண்ணாசை நான்கிலும் அகப்பட்டவன் செய்வதை முறையான செயலாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆகவே அந்தப் பணயம் செல்லாது என்று வாதாடினான். சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும் என்று கர்ணன் அவனை அடக்கிவிட்டான். நம் இளைஞர் இயக்கத்துக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்றால் நான் விகர்ணனைத்தான் சொல்வேன்.

அத்தையின் கேள்வியும் சபையை நோக்கின கேள்விதான். ஆடியவன் என் புருஷன், சரி. அந்த விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நீங்கள் யார்?

எதிர்த்துச் சொல்லக்கூடியவை

இந்த வாதத்தில் ஓட்டைகள் உண்டு. அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை.

முதலாவது, சூதாட்டப் பணம் எங்கேதான் இல்லை? அரசாங்கம் அதற்கு வரி வாங்குகிறது. நான் போகிற சாலையிலும் நான் வாங்கும் கல்விக் கடனிலும் அதில் ஒரு துளி இருக்கலாம். அந்த மலையில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்து குடும்பம் நடத்துகிறார்கள். நாளைக்கு நானே அந்தக் கம்பிவட வண்டியைப் பராமரிக்கும் வேலைக்கு மனு போடலாம். இவர்களை எல்லாம் பாவிகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. சம்பளம் உழைப்புக்கு வருகிறது. வரி சட்டத்தின் வழியாக எல்லாருக்கும் பொதுவாக வருகிறது. இலவச அறை அப்படி வரவில்லை. அது ஓர் அழைப்பு. யாரோ ஒருவர் ஆடியதற்காகக் கொடுத்தது, இன்னும் யாரோ ஒருவர் ஆடுவார் என்று கொடுத்தது. அந்த நண்பரின் கணக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தத் தூண்டிலைக் கடித்தவன் நான்தான்.

இரண்டாவது, எல்லாரும் என்னைப் போல எழுந்து போக மாட்டார்கள், பத்தில் எட்டுப் பேர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள் என்று சொல்லலாம். உண்மைதான். அப்பா, அம்மா, தங்கச்சி மூவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். நூறு பேர் போகிற முகாமில் மாமாவின் ரத்தம் உள்ளவர் ஒருவர் இருந்தால் என்ன செய்வோம்? அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனது நம் இயக்கத்தின் பெயர் போட்ட பஸ்ஸாக இருக்கும்.

மூன்றாவது, சட்டம் தடுக்கவில்லையே? முஸ்லிம்களுக்கு நம் நாட்டுச் சட்டம் அந்தக் கதவை மூடி வைத்திருக்கிறது. 21 வயதான மற்றவர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. சின்ன வயதில் இதை நமக்குக் கிடைத்த சலுகை மாதிரி நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அவர்களுக்கு வேலியை வேறு யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். தர்மம் என்பது அந்த வேலை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு சூதாடியின் புலம்பல் தனிச் சூக்தமாகவே இருக்கிறது. மனைவி, மாமியார், தாய், தகப்பன் என்று எல்லாரும் அவனைக் கைவிட்ட கதை. கடைசியில் போய் நிலத்தை உழு என்ற புத்திமதி வருகிறது. நம் முன்னோர் இதைச் சட்டமாகப் போடுவதோடு நிறுத்தவில்லை. அவனுடைய வலியை வேதத்திலேயே பாடி வைத்தார்கள். வெளியிலிருந்து யாரும் தடுக்கமாட்டார்கள், உள்ளிருந்து உனக்கே தெரிய வேண்டும் என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

அத்தையிடம் சொன்னது

அந்த 110 வெள்ளியை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு கால் மணி நேரம் இருக்கும் அத்தை" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அறையை விட்டுக் கிளம்பியபோது மணி 10.20. திரும்பி வந்து கைப்பேசியைப் பார்த்தபோது 12.10. நடந்த நேரத்தைக் கழித்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. உண்மையிலேயே கால் மணி நேரம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "உங்க மாமாவும் ஜெயிச்ச அன்னிக்கு முதல்ல கோயிலுக்குத்தான் போவார்."

இதைவிடப் பெரிய சமயச் சொற்பொழிவை நான் கேட்டதில்லை. சாமியிடம் நம்பர் கேட்கிறோம், வந்ததும் பங்கு கொடுக்கிறோம். அடுத்த வீட்டுப் பெண்ணின் தாலியை எடுத்து வந்து அம்மன் காலில் வைத்துவிட்டு, இதுவும் பக்தி என்கிறோம். அன்றைக்கு உண்டியலில் நான் போட்டதும் அதுதான். பாட்டி வயது அம்மா ஒருவர் அமுக்கின பொத்தானிலிருந்து வந்த காசு அதில் இருந்திருக்கலாம்.

என் வாக்கு

அடுத்த செயலவைக் கூட்டத்தில் நான் பேசப் போவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கெந்திங் மலைக்கு யாரும் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குளிரும் பனியும் யாருடைய சொத்தும் இல்லை. தாத்தா பாட்டியைப் போல போய், படம் எடுத்து, புளிச்சோறு சாப்பிட்டு, குகைக் கோயிலைப் பார்த்து இறங்கலாம். காசு கட்டித் தங்குகிறவர்கள் தங்கட்டும், அது அவரவர் மனசாட்சி. ஆனால் நம் இயக்கத்தின் முகாம் அங்கே வேண்டாம். அந்த விலை ஏன் குறைவு என்று நம் சமய வகுப்புப் பிள்ளை கேட்டால், நிமிர்ந்து பதில் சொல்ல நம்மால் முடியாது. மோரிப்பில் கொசு கடிக்கும், மண்டபத்தில் மின்விசிறி பாதி வேலை செய்யாது. ஆனால் அந்த வாடகையை யார் கட்டினார்கள் என்று நமக்குத் தெரியும்.

இன்னொன்றையும் முன்மொழியப் போகிறேன். நம் சமய வகுப்பில் ஒரு நாள் இந்த ரூலெட் கணக்கையும் நாலு நம்பர் கணக்கையும் பலகையில் போட்டுக் காட்டுவோம். நானே எடுக்கிறேன். பக்கத்திலேயே அத்தையையும் உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசச் சொல்வேன். கணக்கு மட்டும் போதாது என்பதற்கு நானே சாட்சி.

முகாமுக்கு அத்தையை அழைத்திருக்கிறேன். எங்கே என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். "முடிவான பிறகு சொல்லு" என்றார்.

அவருக்கு நான் என்ன பதில் சொல்வது என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.